ஆடியில் புதுசு ஆகாது

மயிலாப்பூர், கச்சேரி ரோடு
11 ஏப்ரல் 2025

ஆசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இடுப்பு வலி எப்படி இருக்கு? உன் வீட்டுக்காரி ஆயத் உன்னை வேளாவேளைக்குச் சாப்பிட வைக்கிறாளா? இங்க நம்மைப் பெத்த அம்மிக்கு முட்டி வலியைத் தவிர எல்லாம் சுகம். சர்க்கரை அடங்கிடுச்சு, வாய்தான் அடங்கலை.

கடுதாசியைப் பார்த்து பதறாதே. போன பெருநாள் அன்னைக்கு நாம போன்ல போட்ட சண்டையில அம்மி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிட்டாங்க. "இனிமே ரெண்டு பேரும் பேசக்கூடாது. எழுதுங்க. எழுதறப்போ குறுக்க கத்த முடியாது"ன்னு உத்தரவு. உனக்கும் இதே உத்தரவுதான்னு கேள்விப்பட்டேன். நாற்பத்தி நாலு வயசுல என்னைப் பக்கத்துல நிக்க வச்சு எழுத வைக்கிறாங்கடா. ஸ்கூல் போற பிள்ளைன்னு நினைப்பு.

ரெண்டு வருஷமா நமக்குள்ள ஒரே சண்டைதானே. நாம இன்டீரியர் வேலை எடுத்த அந்த நுங்கம்பாக்கம் ஆபீஸ்ல சுவத்து கலருக்குப் பொருந்தலைன்னு நூத்திப் பத்து நல்ல மேஜையைக் கடப்பாரையால உடைச்சு லாரியில ஏத்தினோம். அன்னைக்கு நான், இனிமே உடைக்கிற வேலை எடுக்க மாட்டேன், இருக்கறதைத்தான் சரிபண்ணித் தருவேன்னு சொன்னேன். "அப்ப கடையை மூடு ஆபா"ன்னு கூடப் பிறந்த அக்காகிட்டச் சொல்லிட்டு நீ புனேக்குப் புது மேஜை விக்கப் போயிட்டே. சரி, அதை விடு. அம்மி எட்டிப் பார்க்கறாங்க.

நல்ல சேதி ஒண்ணு. தி.நகர்ல யாத்திரை டிராவல்ஸ் வச்சிருக்காங்களே கோமளம் மாமி, காசி, பத்ரின்னு ஊரையே பஸ்ல ஏத்திட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வந்து விடறவங்க, அவங்க ஆபீஸ் அடையாறுக்கு மாறுது. ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள பழைய கட்டடத்தைக் காலி பண்ணியாகணும். பழைய மேஜை நாற்காலியையே செப்பனிட்டுப் போட்டுத் தரேன்னு கேட்டிருக்கேன். இது கிடைச்சா ஊர்ல நாலு ஆபீஸ் நம்பும். கிடைக்கலைன்னா நம்ம கோடம்பாக்கம் பட்டறை ஷெட்டை மூடறதைத் தவிர வழி இல்லை. கரீமுல்லா பாய்கிட்ட அதைச் சொல்ற தைரியம் எனக்கு வரலை. சினிமா செட் போட்ட மனுஷன், அரண்மனைக் கதவை அடுத்த படத்துல கோர்ட் கதவாக்கினவரு. என்னை நம்பி ஸ்டூடியோவை விட்டுட்டு வந்தாரு. அவரோட எட்டு பேர்.

துஆ செய். உடம்பைப் பார்த்துக்க.
உன் ஆபா,
குல்ஷன்


புனே
19 ஏப்ரல் 2025

ஆபாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். இடுப்பு வலி அப்படியேதான். நாள் பூரா சேர் விக்கறவனுக்கு உட்கார நேரமில்லைன்னு ஆயத் சிரிக்கிறா. அம்மியோட முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு.

உன் லெட்டரைப் படிச்சேன். குப்பை மலை, ஃபேக்டரி புகை, ஊர் சூடுன்னு சண்டைக்குச் சண்டை நீ சொல்றது நிஜம்தான், நான் மறுக்கலை. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் ஆபீஸை இடிச்சுக் கட்டறாங்க, பாதி சாமான் நல்லாவே இருக்கும். ஆனா ஆபா, புதுசுன்னா ஒரு வாசனை இருக்கு. பாலிதீன் கவரைக் கிழிக்கறப்போ முதலாளி மூஞ்சியைப் பார்த்திருக்கியா? கல்யாண மாப்பிள்ளை தோத்தான். அந்தச் சந்தோஷத்தை நீ எதை வச்சுத் தருவே?

சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். எத்தனை மேஜை? எத்தனை நாற்காலி? முடிவு பண்றது மாமியா, வேற யாராவதா?

ஆயத் ஸலாம் சொல்றா.
ஆசிஃப்


மயிலாப்பூர்
9 மே 2025

ஆசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒத்தடம் குடுத்தேன். "அவன் சொன்னாத்தான் உனக்குத் தோணுமா"ன்னு அதுக்கும் திட்டு. வெயில் மண்டையைப் பிளக்குது. நீயாவது மோர் குடிச்சுக்கிட்டு இரு.

நீ சும்மா கேட்டதுக்கு சும்மா பதில்: அறுபத்திநாலு மேஜை, எழுபது நாற்காலி. மேஜை எல்லாம் தேக்குப் பலகை ஒட்டினது, இருபது வருஷமாகியும் ஒரு கால் ஆடலை. முடிவு மாமியோடது. அவங்க பத்ரிநாத் கூட்டத்தோட போயிருக்காங்க, வர ஜூன் பத்து ஆகும். அது வரைக்கும் பையன் சாய்நாத் ராஜ்ஜியம். அவனுக்கு எல்லாம் கண்ணாடியா, வெள்ளையா, புதுசா வேணும்.

முந்தாநாள் சாய்நாத் என்னைக் கூப்பிட்டு ஒரு கொட்டேஷனை நீட்டினான். புனே கம்பெனியாம். என் லெட்டர் உனக்கு வந்து சேர்ந்த வாரத்துலயே யாரோ அவனுக்கு போன் போட்டுப் பேசியிருக்காங்க. "இந்தக் கம்பெனி சாமான் எப்படி மேடம்?"னு என்கிட்டயே கேட்டான் பாரு, அவனுக்கு எவ்வளவு கொழுப்பு. நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேங்கறது இங்க வேண்டாம்.

புனே பெரிய ஊர். மேஜைக் கம்பெனி எத்தனையோ இருக்கும். கீழே ஒரு கையெழுத்து இருந்துச்சு. நான் அன்னைக்குக் கண்ணாடி எடுத்துட்டுப் போகலை.

அம்மி உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வச்சிருக்காங்க. யார் வந்தா குடுத்தனுப்பறதுன்னு தெரியலை.
குல்ஷன் ஆபா


புனே
19 மே 2025

ஆபாவுக்கு,

ஸலாம். இங்க எல்லாரும் நலம். வெயில் அதிகம். மாம்பழம் வந்திருக்கு. இடுப்பு பரவாயில்லை.

வேலை ஜாஸ்தி, அப்புறம் விவரமா எழுதறேன். அம்மியைக் கேட்டதா சொல்லு.
ஆசிஃப்


மயிலாப்பூர்
8 ஜூன் 2025

ஆசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்ரீத் முபாரக், ரெண்டு பேருக்கும். நேத்து பிரியாணியில உன் பங்கை கரீமுல்லா பாய் சாப்பிட்டாரு, வயிறு நிறைய துஆ செஞ்சாரு, உனக்கும் சேர்த்து.

உன் நாலு வரி லெட்டரை அம்மி பத்து தடவை படிச்சாங்க. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாங்க. "மாம்பழம் வந்திருக்குன்னு எழுதியிருக்கான், சாப்பிட்டேன்னு எழுதலையே"ன்னு ரெண்டு நாள் கவலை. நீ எழுதாம விட்டது மாம்பழம் மட்டும் இல்லைன்னு எனக்குத் தெரியும்.

நான் உன்னைக் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். இப்பவும் கேக்கலை.

இங்க வேலை நடக்குது. மாதிரிக்கு ஒரு மேஜை, ஒரு நாற்காலி எடுத்து வந்து பண்ணிப் பார்த்தோம். மேல் பலகையைச் சுரண்டி பாலிஷ், அவ்வளவுதான். நாற்காலி உறையைத் துவைச்சு, கிழிஞ்ச இடத்தை மட்டும் தைச்சோம். நம்ம இன்ஜினியர் பொண்ணு தமிழ்நிலா நாலு பக்கத்துக்குக் கணக்கு எழுதியிருக்கா. புதுசு செஞ்சா எவ்வளவு மரத்தூள், எவ்வளவு பசை, இரும்பு உருக்க எவ்வளவு கரி, புனேயிலிருந்து லாரி வர எவ்வளவு புகை, பழசு குப்பையில எரிஞ்சா எவ்வளவுன்னு. மாமி வந்ததும் இதை வச்சுத்தான் பேசப் போறேன்.

சாய்நாத் உங்க பக்கம்தான் சாஞ்சிருக்கான். அட, "உங்க"ன்னு எழுதிட்டேன். அடிச்சா அசிங்கமா இருக்கும், அப்படியே விடறேன்.

உடம்பைக் கவனி.
குல்ஷன்


புனே
14 ஜூன் 2025

ஆபா,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு நல்லா இருக்கு, மனசுதான் சரியில்லை. மாம்பழம் சாப்பிடலைன்னு அம்மிகிட்ட சொல்லிடு. இறங்கலை.

கொட்டேஷன் என்னோடதுதான். கண்ணாடி போடலைன்னு நீ எழுதின அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரியும். உன் முதல் லெட்டர் கைக்கு வந்த மறுநாளே சாய்நாத் நம்பரைத் தேடிப் பிடிச்சு பேசினேன். உன்கிட்ட எத்தனை மேஜைன்னு கேட்டு வேற எழுதினேன், எனக்கே கூசுது. சென்னையில ஒரு பெரிய ஆர்டர் பிடிச்சா என்னைத் தென்னிந்தியாவுக்கே தலைவனாக்கறேன்னு எம்.டி. சொல்லியிருந்தார். நம்ம ஊருக்குப் பெரிய ஆளா திரும்பி வரணும், நீ பார்க்கணும்னு ஒரு வெறி.

நீ என்ன பதில் சொன்னேன்னு சாய்நாத் மே மாசமே எனக்கு போன்ல சொல்லிட்டான். "அந்தக் கம்பெனி சாமான் முதல் தரம். அதுல கையெழுத்துப் போட்டிருக்கறவன் ஏமாத்த மாட்டான். ஆனா உங்களுக்கு மேஜையே தேவையில்லை, அறுபத்திநாலு இருக்கு"ன்னு சொன்னியாமே. அதைக் கேட்ட அப்புறம் என்னத்தை எழுதறது? பேனாவை எடுத்தா வெயில், மாம்பழம்னுதான் வந்தது.

கொட்டேஷனை வாபஸ் வாங்கலாம்னு பார்த்தேன். மேல போயிடுச்சு, என் கையில இல்லை. நீ நல்லா பேசு ஆபா. ஜெயிச்சா எனக்கு வருத்தமில்லைன்னு சொன்னா பொய். நீ தோத்துட்டா சந்தோஷம்னு சொன்னா அதுவும் பொய். என்னன்னே தெரியலை.

மன்னிச்சுடு.
ஆசிஃப்


மயிலாப்பூர்
20 ஜூன் 2025

டேய் ஆசிஃபு,

அஸ்ஸலாமு அலைக்கும்! சுகம் விசாரிக்கறதை அப்புறம் வச்சுக்கலாம், முதல்ல இதைப் படி.

உன் லெட்டர் வந்தது. கோபம் வந்தது, இல்லைங்கலை. ஒரு நாள் பூரா உன்னைத் திட்டிக்கிட்டே சப்பாத்தி தேய்ச்சேன். எல்லாம் இந்தியா மேப் மாதிரி வந்துச்சு. அம்மி எதுவும் கேக்காம சாப்பிட்டாங்க. சரி, மன்னிச்சாச்சு. மாம்பழம் சாப்பிடு.

முந்தாநாள் மாமி ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. நான், தமிழ்நிலா, சாய்நாத், மாமி. தமிழ்நிலா நாலு பக்கத்தையும் நீட்டினா. மாமி கண்ணாடியை மாத்திப் போட்டுப் படிச்சாங்க. "நன்னா எழுதியிருக்காளே இந்தப் பொண்ணு. எழுத்துதான் பொடி"ன்னு சொல்லி ஓரமா வச்சுட்டாங்க. என் உயிரே போச்சு. சாய்நாத் உங்க கேட்லாக்கை விரிச்சான். வழவழன்னு படம். மாமி ஒவ்வொண்ணா தடவிப் பார்க்கறாங்க. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஷெட்டுப் பூட்டுச் சாவியை யார்கிட்ட குடுக்கறதுன்னு வரைக்கும் மனசு போயிடுச்சு.

மாமி கேட்டாங்க: "எப்போடா வரும் இதெல்லாம்?"

"செய்ய ஆறு வாரம்மா. ஜூலை கடைசியில இறங்கிடும்."

"ஜூலை கடைசின்னா ஆடியோன்னோ?" மாமி கேட்லாக்கை டப்புனு மூடினாங்க. "ஆடியில புது சாமானா? தொழில் பண்ற ஆசனத்தை ஆடியில புதுசாப் போடுவாளாடா யாராவது?"

"அம்மா, ஊரே ஆடித் தள்ளுபடிக்கு ரங்கநாதன் தெருவுல முட்டிண்டு நிக்கறது!"

"புடவை வாங்கறவா வாங்கிண்டு போகட்டும். மேஜை என்ன புடவையா? பாலை ஆனியிலேயே நல்ல நாள் பார்த்துக் காய்ச்சி, விளக்கைக் கொண்டு வச்சுடலாம். புது சாமான் ஆவணி பொறந்துதான்."

"அப்போ ஆவணி வரைக்கும் தரையில உட்கார்ந்து டிக்கெட் போடறதாம்மா?"

எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியலை. "மாமி, என்னோடது எதுவும் புதுசு இல்லையே"ன்னேன். "உங்க மேஜை, உங்க நாற்காலி. தி.நகர்லேருந்து அடையாறுக்கு நகருது. இதுல ஆடிக்கு என்ன வந்துச்சு?"

மாமி என்னைப் பார்த்தாங்க. சாய்நாத்தைப் பார்த்தாங்க. சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தாங்க. "அதானே? பழசுக்கு ஏது ஆடி? என் மேஜையை நான் நகர்த்திக்கறேன், யார் கேப்பா?"ன்னுட்டாங்க!

வெளியே வந்ததும் தமிழ்நிலா மூஞ்சி தொங்கிப் போச்சு. "நாலு பக்கம் எழுதினேன் மேடம், ஒரு மாசம் வந்து முடிச்சு வச்சிடுச்சு"ங்கறா. காரணம் எதுவா இருந்தா இன்னா, அறுபத்திநாலு மேஜை குப்பைக்குப் போகலை இல்லன்னு பாண்டி பஜார்ல சமோசா வாங்கிக் குடுத்தேன். மூணு சாப்பிட்டா, சமாதானமாயிட்டா.

ஒரு நிபந்தனை இருக்கு. ஒரே ஒரு மேஜை புதுசா இருந்தாலும் மாமி உள்ள கால் வைக்க மாட்டாங்களாம். ஆவணியில உங்க கம்பெனிக்கே மொத்தமா குடுத்துடுவாங்களாம். சாய்நாத் உங்க கொட்டேஷனைக் கிழிக்காமத்தான் வச்சிருக்கான். வாரத்துக்குப் பதினாறு மேஜை ஷெட்டுக்கு வருது. வெள்ளிக்கிழமை மட்டும் சாமான் வெளிய போகக்கூடாதாம், லக்ஷ்மி போயிடுவாளாம். நம்ம ஆளுங்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்மா. இவ்வளவு ஒத்துப்போற கிளையன்ட் எனக்குக் கிடைச்சதே இல்லை.

சுகமா இரு. ஆயத்துக்கு என் முத்தம்.
உன் ஆபா


புனே
28 ஜூன் 2025

ஆபாவுக்கு,

ஸலாம். மாம்பழம் ஆறு சாப்பிட்டேன், வயிறு கடமுடாங்குது. இது அம்மிக்கு.

பதினெட்டு வருஷமா விக்கறேன். விலையில தோத்திருக்கேன், தரத்துல தோத்திருக்கேன், எதிராளி மாமனாரைப் பிடிச்சதால தோத்திருக்கேன். ஒரு மாசத்துகிட்ட தோத்தது இதான் முதல் தடவை. எம்.டி.க்கு ஆடின்னா என்னன்னு விளக்கறதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. "அப்போ ஆவணியில இன்னும் சான்ஸ் இருக்கு இல்ல?"ன்னு கேக்கறார். இருக்குன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நீ கோட்டை விடாதே.

நாற்காலி ஏத்தி இறக்கற கம்பியில எண்ணெய் கசிஞ்சா தூக்கிப் போடச் சொல்லுவாங்க. போடாதே, உள்ள வாஷர்தான் தேஞ்சிருக்கும். அதை மட்டும் மாத்தினா போதும். இதை நான் உனக்குச் சொன்னதா எங்கயும் சொல்லாதே.
ஆசிஃப்


மயிலாப்பூர்
31 ஜூலை 2025

ஆசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். நான் உசிரோட இருக்கேன், நேத்து மத்தியானம் அப்படித் தோணலை.

வாஷர் யோசனைக்கு நன்றி, பத்தொன்பது நாற்காலி பிழைச்சுது.

நேத்து புதன்கிழமை. அடையாறு ஆபீஸ்ல அறுபத்திநாலையும் போட்டு முடிச்சோம். கரீமுல்லா பாய் பத்தி உனக்குத் தெரியுமே. சினிமாவுல ஓட்டைக் கதவை வைரக் கதவாக் காட்டினவரு. நாற்பது நாள் உசிரைக் குடுத்துத் தேய்ச்சிருக்காரு. வெயில் ஜன்னல் வழியா உள்ள விழுது, ஒவ்வொரு மேஜையும் பளபளன்னு கண்ணைப் பறிக்குது. எனக்குப் பெருமை தாங்கலை.

மாமி தேங்காய், கற்பூரம், பூவோட வந்தாங்க. வாசல்ல நின்னாங்க. உள்ள பார்த்தாங்க. அப்படியே ரெண்டடி பின்னால போயிட்டாங்க.

"குல்ஷன், என்ன காரியம் பண்ணிட்டே? அத்தனையும் புதுசு!"

"இல்ல மாமி, உங்க மேஜைதான்."

"எனக்கு என் மேஜை தெரியாதா? இருபது வருஷம் உட்கார்ந்துண்டிருக்கேன். அது இப்படியா மினுக்கித்து? ஆடியில போய் இப்படிப் பண்ணுவாளா?"

கரீமுல்லா பாய் ஓடி வந்தாரு. "இன்னா மாமி இப்டி சொல்ட்டீங்க! உங்க மேஜைதான் மாமி, நான்தான் தேச்சேன், கைய பாருங்க, தோலு கீதா பாருங்க!"ன்னு கையை நீட்டறாரு. நான் போட்டோ காட்டினேன். போட்டோவுல என்ன வேணா பண்ணலாம்னுட்டாங்க. ஷெட்டுக்கே வந்து ஒரு தடவை பாருங்கன்னு ஜூலை பூரா கூப்பிட்டேன், அப்ப காசிக்கு ஆள் சேர்க்கறதுல இருந்தாங்க. நல்லா செய், நல்லா செய்னு நான்தான் பாயை விரட்டினேன். நல்லா செஞ்சதே வினையாப் போச்சு.

ஸ்டாஃப் எல்லாம் வராண்டாவுல நிக்கறாங்க. மாமி திரும்பி, "சாய்நாத், அந்த புனே கம்பெனி நம்பரைப் போடு"ன்னாங்க. போனை எடுத்துக்கிட்டு மாடிப்படி ஓரமா போயிட்டாங்க. நான் தரையில உட்கார்ந்துட்டேன்டா. பாய் பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. "ஷெட்டை மூடிடலாமா பாய்?"னு கேட்டேன். அப்பதான் முதல் தடவையா அந்த வார்த்தை வாயில வந்துச்சு. அவரு தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து மடிச்சாரு.

பத்து நிமிஷம் கழிச்சு மாமி வந்தாங்க. முகத்துல ஒண்ணும் தெரியலை. "எல்லா மேஜையையும் கவுத்துப் போடுங்கோ"ன்னாங்க.

கவுத்தோம். அல்லாஹ்! மேலதான் பளபளப்பு. அடியில இருபது வருஷம் அப்படியே இருக்கு! ஒரு மேஜைக்கு அடியில கலர் கலரா ஸ்டிக்கர் பொட்டு, வரிசையா நூறாவது இருக்கும். ரிசர்வேஷன்ல இருக்கற ஹம்சா "ஐயோ, என்னோடது!"ன்னு பாய்ஞ்சா. கேஷியர் பத்ரிநாராயணன் சார் மேஜைக்கு அடியில பாக்குப் பொட்டலத்தைச் செருகி வைக்க அவரே டேப் ஒட்டி ஒரு பை பண்ணி வச்சிருக்காரு. பாக்கை விட்டாச்சுன்னு வீட்டுல சத்தியம் பண்ணின மனுஷன். ஒவ்வொருத்தரும் குனிஞ்சு குனிஞ்சு தன் மேஜையைக் கண்டுபிடிச்சு அதுக்குப் பக்கத்துல போய் நின்னுக்கிட்டாங்க. ஒரே கூச்சல், ஒரே சிரிப்பு.

கடைசியா மாமி மேஜை. அடியில சூயிங்கம், ஏழு உருண்டை, கல்லு மாதிரி.

"யாரு ஒட்டினா இதை என் மேஜையில?"

சாய்நாத் கூரையைப் பார்க்கறான். மாமி குனிஞ்சு இன்னொரு தடவை பார்த்தாங்க. கன்னம் சிவந்து போச்சு.

"பத்ரி போற பஸ்ல காது அடைக்கும், மெல்லுங்கோன்னு டிரைவர் குடுப்பான்" அப்படின்னாங்க மெதுவா. "ஊருக்கு வந்தும் விடலை."

ஆபீஸே இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. மாமியும் சிரிச்சு, கண்ணைத் துடைச்சு, வலது காலை எடுத்து வச்சு உள்ள வந்தாங்க. தேங்காய் ஒரே அடியில ரெண்டா போச்சு. இன்னைக்குக் காலைல அறுபத்திநாலு பேரும் உட்கார்ந்து டிக்கெட் போடறாங்க. பழைய கட்டடச் சாவியும் குடுத்தாச்சு. நாம ஜெயிச்சாச்சுடா! ஷெட்டு மூடலை!

கவுத்துப் பார்க்கற யோசனை எனக்கு வரலை, பாய்க்கு வரலை. போன்ல பேசிட்டு வந்த மாமிக்கு எப்படி வந்துச்சுன்னுதான் புரியலை.

ஆயத்துக்கு ஸலாம்.
குல்ஷன்


புனே
6 ஆகஸ்ட் 2025

ஆபாவுக்கு,

ஸலாம். லெட்டரைப் படிச்சு ஆயத்தும் நானும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். மாஷா அல்லாஹ். பாயோட கைக்குத் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லு. அம்மிக்கு முட்டி எப்படி?

இங்க மழை.
ஆசிஃப்


மயிலாப்பூர்
12 ஆகஸ்ட் 2025

ஆசிஃபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மழையாம். நல்லா எழுதறே. நீ மழை, வெயில்னு எழுதினாலே எதையோ முழுங்கறேன்னு எனக்குத் தெரியாதா?

நேத்து மாமியைப் பார்க்கப் போனேன். கேட்டுட்டேன். சொல்லிட்டாங்க. அவங்க சொன்ன மாதிரியே எழுதறேன்.

"நான் அந்தப் புள்ளையாண்டான்கிட்ட, ஏம்ப்பா, இவா புது மேஜையைப் பழசுன்னு சொல்லி ஏமாத்தறா, ஆவணிக்கு உன் கம்பெனி மேஜையை அனுப்புன்னேன். 'மாமி, அவங்க புதுசு வாங்கியிருக்க மாட்டாங்க'ன்னான். உனக்கெப்படித் தெரியும்னேன். 'அவங்க என் ஆபா. ரெண்டு வருஷமா என்னோட சண்டை. சண்டையில என்னை என்னவெல்லாமோ சொல்லுவாங்க, ஒரு தடவை கூடப் பொய் சொன்னதில்லை. மேஜையைக் கவுத்துப் பாருங்க, அடியில யாரும் பாலிஷ் போட மாட்டாங்க'ன்னான். நான் ஆர்டர் குடுக்கத்தானேப்பா கூப்பிட்டேன்னேன். 'தெரியும் மாமி. நீங்க ஆர்டரைச் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னுதான் அவசரமா சொன்னேன்'னான்."

நான் மாமி முன்னாடியே அழுதுட்டேன்டா. விக்கி விக்கி. மாமி காபி வரவழைச்சுக் குடுத்தாங்க, அதுலயும் அழுதேன். உனக்குத் தென்னிந்தியாவே கையில வந்துச்சு, என் ஷெட்டுக்காக விட்டுட்டே. அப்புறம் மழைன்னு எழுதறே, கழுதை.

அடையாறு ஆபீஸைப் பார்த்துட்டு ஆழ்வார்பேட்டையில ஒரு ஆடிட்டர், கோடம்பாக்கத்துல ஒரு டப்பிங் ஸ்டூடியோ, ரெண்டு பேரும் கேட்டிருக்காங்க. எனக்குச் செய்யத் தெரியும், பேசத் தெரியாது. ஆடி மாசம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், மத்த பதினொரு மாசத்துக்கு ஒரு ஆள் வேணும். வந்துடுடா.

அம்மி இதை நான் எழுதறப்போ பக்கத்துல இல்லை. நானாத்தான் எழுதறேன்.
குல்ஷன்


புனே
20 ஆகஸ்ட் 2025

ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இடுப்பு வலி போன இடம் தெரியலை. ஆயத் பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா.

திங்கட்கிழமை ராஜினாமாவைக் குடுத்தேன். எம்.டி. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு, "எதிர்க் கம்பெனிக்கா?"ன்னார். ஆமா சார், என் அக்கா கம்பெனின்னேன். "என்ன தயாரிக்கறாங்க?" ஒண்ணும் தயாரிக்கறதில்லை சார்னேன். "அப்ப நீ எதை விக்கப் போறே?" புதுசு வேண்டாங்கறதை விக்கப் போறேன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சார்.

மறுநாள் கூப்பிட்டு ஃபேக்டரிக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனார். புது மேஜை குடுத்தப்போ திருப்பி வாங்கின பழசு, முந்நூறுக்கு மேல, மழையில நனைஞ்சுக்கிட்டு இருக்கு. "இதை உன் அக்கா பார்ப்பாங்களா? லாரியில அனுப்பறேன்"னார். லாரி வேண்டாம் சார், அந்தப் புகையையும் தமிழ்நிலா எங்க கணக்குல எழுதிடுவான்னேன். மேஜை இங்கயே இருக்கட்டும். கரீமுல்லா பாய் நாலு பேரோட ரயில் ஏறட்டும். அவருக்கு சப்பாத்தி ஆகாதுன்னு தெரியும், ஆயத் சோறு பொங்கிப் போடறேன்னு சொல்லியிருக்கா. வேலை முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா வந்துடறோம்.

மாமி போன் விஷயத்தை ஏன் எழுதலைன்னு நீ கேக்கலை, நானே சொல்லிடறேன். இந்த ரெண்டு வருஷத்துல இங்க யார்கிட்டயும் உன்னைப் பத்திப் பேசினதே இல்லை. அக்கா தங்கச்சி உண்டான்னு கேட்டா பேச்சை மாத்திடுவேன். மாமிகிட்டதான் முதல் தடவையா "அவங்க என் ஆபா"ன்னு சொன்னேன். போனை வச்சுட்டு, முகத்தைக் கழுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதை எழுதத் தெரியாமத்தான் மழைன்னு எழுதினேன். அன்னைக்கு இங்க மழையே இல்லை ஆபா.

உன் தம்பி,
ஆசிஃப்